நிலுவை: ஒன்று

அவர் பெயர் ஓய்வா.
பின்லாந்தில் அது பெயர்;
நமக்குத்தான் அது கேள்வி.

முப்பத்து நான்கு வருடம்
ஏரிக்கரை நகராட்சியின் நீரேற்று நிலையத்தில்
அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.
பிப்ரவரியில், பனிச்சறுக்குத் தடத்தில்,
வீட்டுக்கு இன்னும் நானூறு மீட்டர் இருக்க,
இதயம் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

ஹில்க்கா தெர்வோனென், பணியாளர் துறைத் தலைவி,
மலர்வளையத்துக்கு ரசீது வாங்கினாள்,
கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னாள்,
மறுநாள் கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்தாள்.
இந்த ஆண்டு ஐந்து பணியிடங்களைக் குறைக்க வேண்டும்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
'ஒன்று இயற்கையாகவே குறைந்துவிட்டது' என்றார்.
நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே ஏறியது:
இயற்கைக் குறைவு, ஒன்று.
எழுதியவள் அவள்தான்.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கோப்பு மூட மறுத்தது.
கணினி சிவப்பில் காட்டியது, நிலுவை: ஒன்று.
ஜனவரி ஒன்பதாம் தேதி ஓய்வா போட்ட விடுப்பு விண்ணப்பம்.
ஜூன் பதினொன்று. ஒரு நாள்.
காரணம்: சொந்த வேலை.

மேற்பார்வையாளர் பார்த்திருக்க வேண்டியது.
மேற்பார்வையாளர் பணியிடத்தைச்
சென்ற இலையுதிர் காலத்தில் நீக்கியது யாரென்று
ஹில்க்கா யாரையும் கேட்க வேண்டியதில்லை.
அதனால் அது அவள் பெட்டிக்கு வந்து
நாற்பது நாள் கிடந்திருக்கிறது,
பயிற்சி முகாம் அழைப்புகளுக்கும்
காப்பி இயந்திரம் பற்றிய புகார்களுக்கும் நடுவே.

மூன்று பொத்தான்கள்.
ஏற்கிறேன்.
மறுக்கிறேன்.
விண்ணப்பித்தவருக்கே திருப்பி அனுப்பு.

'மறுத்துவிடுங்கள், போனவர்களுக்கெல்லாம் அப்படித்தான்'
என்றாள் சம்பளப் பிரிவு சைமி,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.
ஹில்க்கா மூன்றாவது பொத்தான்மேல்
அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்திருந்தாள்.
எந்த முகவரிக்குப் போகும்?

ஜூன் பதினொன்றில் அவருக்கு என்ன வேலை இருந்திருக்கும்?
படகுக்குத் தார் பூசவா? பல் பிடுங்கவா?
பிறந்தநாள் இல்லை, அது நவம்பர், கோப்பில் இருக்கிறது.
மனைவி இல்லை, அதுவும் கோப்பில் இருக்கிறது.
காலணி அளவு முதல் காது கேட்கும் திறன் வரை
எல்லாம் இருக்கிறது,
அந்த ஒரு நாளைத் தவிர.

ஏற்கிறேன், அழுத்தினாள்.

மேசை இழுப்பறை உறுமியது.
சாவிக்கொத்தோடு உறையில் திரும்பி வந்திருந்த
அவருடைய அலுவலகக் கைபேசி;
உள்ளே இருப்பதை அழிப்பதற்காக
சைமி காலையில்தான் அதை மின்னேற்றியிருந்தாள்.
உங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது. நாள் இனிதாகட்டும்.

சைமி கத்தியைக் கீழே வைத்தாள்.

கணினிக்கு அதெல்லாம் தெரியாது, அடுத்ததைக் கேட்டது:
ஜூன் பதினொன்று, பதிலாள் யார்?
விதி இருபத்திரண்டு: ஏற்கப்பட்ட விடுப்பு முடியும்வரை
பணியிடத்தை நீக்க இயலாது.
இதை எழுதியதும் அவள்தான்,
எட்டு வருடம் முன்பு, வேறு யாருக்காகவோ.
மறந்தே போயிருந்தாள்.
(மறந்துபோனதாகத்தான் கவுன்சிலிடம் சொன்னாள்.)

ஒரு நாள் பதிலாளுக்கு
மூன்று மாதப் பயிற்சி அவசியம் என்றும் குறித்தாள்.
தலைவர் மீண்டும் கண்ணாடியைக் கழற்றினார்.
இந்த முறை துடைக்கவில்லை.

மார்ச்சில் ஐலா வந்தாள், இருபத்தாறு வயது,
ஓய்வாவின் கையுறை அவளுக்குப் பெரிது.

ஜூன் பதினொன்று. இருட்டாத இரவு.
மூன்று மணிக்கு இரண்டாம் பம்பு இருமி நின்றது.
எந்தக் கையேட்டிலும் இல்லை.
பம்பின் பின்னால் விளக்கைப் பிடித்தபோது
சுவரில் சுண்ணக்கட்டி எழுத்து, ஓர் அம்புக்குறி:
'இங்கே ஒரு தட்டு. மெதுவாக.'

ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.
கோபுரத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

காலையில் ஹில்க்கா திறந்த பதிவேட்டில் ஒரே வரி:
பம்பு இரண்டு. தட்டினேன்.