முப்பத்து மூன்று நடை

மிசிசிப்பி டெல்டாவில்
கெளுத்தி மீன் அறுக்கும் ஆலை.
ஓசெல்லா பிரிட்ஜஸ் அங்கே
நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீன் அறுப்பாள்,
பதினேழு வருடமாக.
கத்தி பிடிக்கும் கையின் பக்கம்தான்
கட்டி வந்தது.

"மீன் முட்டை அளவுதான் இருந்துச்சு.
தானா கரையும்னு விட்டுட்டேன்"
என்றாள் எங்கள் அலுவலகத்தில்.
அலுவலகம் என்றால்
சலவைக்கடையின் பின்னறை.
உலர்த்தும் எந்திரம் ஓடும்போதெல்லாம்
மேசை ஆடும்.
எங்கள் படிவங்களில்
எல்லாருடைய கையெழுத்தும் நடுங்கியே இருக்கும்,
பயப்படாதவர்களுடையதும்.

மாத வருமானம்.
காப்பீடு உண்டா.
வீட்டில் எத்தனை பேர்.
"இன்னிக்கா, வழக்கமாவா?" என்று கேட்டாள்.
தங்கை பிள்ளைகள் வந்தால் ஏழு.
கடலில் எண்ணெய்க் கிணற்றுக்குப் போன மகன்
கரையேறினால் எட்டு.
நாலு என்று எழுதினால் உதவி கிடையாது,
முப்பது டாலர் அதிகம் சம்பாதிக்கிறாளாம்.
நான் ஐந்து என்று எழுதினேன்.
ஐந்தாவது ஆள் யார் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

அறுவை முடிந்தது.
பிறகு கதிர்வீச்சு, முப்பத்து மூன்று நடை,
போக மட்டும் எழுபத்தொரு மைல்.
தேவாலயம் கொடுத்த பழைய வேனின் பக்கவாட்டில்
'இளைஞர் பாடகர் குழு' என்று
இன்னும் அழியாமல் இருக்கிறது.
சிவப்பு விளக்கில் நின்றால்
பக்கத்துக் காரிலிருந்து குழந்தைகள் கையசைக்கும்.
நாங்களும் அசைப்போம்:
நான், ஓசெல்லா,
தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ரூத்தி மே,
மைல்கணக்கில் பேசாமல் வரும்
குவாத்தமாலாக்காரி எல்விரா.
ஒருத்திக்கும் பாட வராது.

பதினாறாம் நாள் ஓசெல்லா வரவில்லை.
ஹாரன் அடித்தேன். கதவு திறக்கவில்லை.
மற்ற இருவரையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு,
கொண்டுவந்தும் விட்டுவிட்டு,
ஆலை வாசலில் போய் நின்றேன்.
ரப்பர் மேலங்கியோடு வந்தாள்.
அங்கியின் பட்டையை
வெந்த தோலில் படாமல்
ஒரு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பாதி நாள் போனால் அரைப் புள்ளி.
எட்டுப் புள்ளி சேர்ந்தால்
மறுநாள் அடையாள அட்டை கதவைத் திறக்காது.
அவளுக்கு ஏழரை ஆகியிருந்தது.

நான் வாயெடுத்தேன்.
"வேலையா உசுரான்னு கேக்காத.
அப்படிக் கேக்கற யாரும்
என் வாடகையக் கட்டறதில்ல."
இடைவேளை முடிந்த மணி அடித்தது.
போய்விட்டாள்.

மூன்று மணிக்கு ஆலை விடும்.
நாலுக்கு எந்திர அறையைப் பூட்டுவார்கள்.
நடுவில் அதே எழுபத்தொரு மைல்.
போனில் இதைச் சொன்னபோது
எந்திரம் இயக்கும் வெண்டல்
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"எனக்குச் சில நாள்
பூட்டற சாவி கிடைக்காம போறதுண்டு,
அஞ்சு மணி வரைக்கும் தேடுவேன்" என்றார்.

அதிலிருந்து
குளிக்க நேரமில்லாமல் வந்து ஏறினாள்,
செதிலும் சேறும் கலந்த வாடையோடு.
ரூத்தி மே ஜன்னலை இறக்கினாள்,
கார்காலக் குளிரில்.
எல்விரா ஆரஞ்சு உரித்து
தோலை ஏசியின் வாயில் செருகினாள்.
அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்துப் பார்த்தேன்.

கடைசி நாளில் அடிக்க
அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பித்தளை மணி உண்டு.
அஞ்சு மணிக்கு அந்த வராந்தா பூட்டிவிடும்.
கண்ணாடி வழியாக மணியைப் பார்த்தாள்.
"சின்னதா இருக்கே" என்றாள்.
வழியெல்லாம் தூங்கினாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் இருக்கிறது.
அதற்கு யார் பணம் என்று
இன்னும் முடிவாகவில்லை.

எலுமிச்சை சோப்புப் போட்டு
இரண்டு முறை கழுவியாயிற்று.
வெயில் ஏறினால்
மூன்றாம் வரிசை ஜன்னலோர இருக்கை
இன்னும் சொல்லிவிடும்.
நேற்று ஏறிய புதுப்பெண்,
எட்டாக மடித்த கடிதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு,
"என்ன வாடை இது?" என்றாள்.
கெளுத்தி என்றேன்.
மூக்கைச் சுளித்தாள்,
அங்கேயே உட்கார்ந்தாள்.