அளந்து போட்டது

சிலியின் நீண்ட கரையில் ஒரு நகக்கீறல்
எங்கள் கெமாதா குடா.
அதன் மீனவர் சங்கத்துக்குப் பொருளாளர் நான்.
அலமாரி ஒன்று, பூட்டு இரண்டு,
பச்சை அட்டைப் பேரேடு ஒன்று.

மூன்றாண்டாகக் கடலில் ஒரு துண்டை
மூடி வைத்திருக்கிறோம்.
மூடுவதென்றால்
நான்கு மிதவைகள், அவ்வளவுதான்.
கதவு இருப்பது என் பற்றுப் பக்கத்தில்:
காவல் படகுக்கு டீசல்,
டார்ச்சுக்கு பேட்டரி,
பிளாஸ்க் நிறையக் காப்பி,
இரவுக்கு ஓர் ஆளின் தூக்கம்.
வரவுப் பக்கம் வெள்ளை.

கீழே, பாறையில்,
லோக்கோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
ஒற்றை ஓட்டுக்குள் சதை தடிக்கின்றன.
(லோக்கோ என்றால் கடல்நத்தை.
பைத்தியம் என்றும் பொருள்.
வாங்குகிறவரைச் சொல்கிறார்களா
காத்திருக்கிறவரையா, தெரியவில்லை.)

எண்ணும் நாளில் க்ளோதோமீரோதான் மூழ்குவான்.
வாயில் காற்றுக்குழாய்,
கையில் மீட்டருக்கு மீட்டர் இரும்புச் சட்டம்,
மேலே கம்ப்ரெசர் இருமிக்கொண்டிருக்கும்.
முதல் வருடம் சட்டத்துக்கு இரண்டு.
அடுத்தது ஐந்து.
இந்த முறை
பத்து விரலும் விரித்துப் போதாமல்
மூக்கையும் தொட்டுக் காட்டினான்.
படகே குலுங்கச் சிரித்தோம்.

செப்டம்பரில் குளிர் லாரியோடு வந்தார் உல்யோவா.
"உங்கள் சரக்கில் என்ன குறை?
முத்திரை உண்டு, சீட்டு உண்டு, அளவு உண்டு.
ஆனால் நெடுஞ்சாலை உணவகங்களின் பின்வாசலில்
முத்திரையில்லாதது பாதி விலைக்கு வருகிறதே, அம்மா."
ஒன்றுக்கு முன்னூறு பேசோ குறைத்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

பின்வாசல் எங்கே தொடங்குகிறதென்று
எனக்குத் தெரியும்.

ஜூலையில், காற்று விழுந்த ஓர் இரவு,
காவல் முறை என்னுடையது.
நீருக்கடியில் ஒரு வெளிச்சம்
கட்டிலுக்கடியில் எதையோ தேடுவதுபோல
மெல்ல நகர்ந்தது.
மேலே வந்தது க்ளோதோமீரோ.
எண்ணத் தெரிந்தவனுக்கு
எங்கே அடர்த்தியென்று தெரியாதா?
வலைப்பையில் நாற்பது இருக்கும்.
"மூத்தவளுக்கு விடுதி வாடகை, இரண்டு மாதப் பாக்கி"
என்றான். பிறகு, பல் கிட்டிக்க:
"கிழடாகித் தானே சாகும் நத்தையை
எந்தப் பத்தியில் எழுதுவாய், நோல்வியா?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்.
கடலில்?
ஒவ்வொன்றாய்த் திரும்பப் போடச் சொன்னேன்.
சத்தமாய் எண்ணினேன்.
இருபத்தெட்டில் என் குரல் நின்றுவிட்டது.
அவன் காத்திருந்தான்.
நான் எண்ணவில்லை.
பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு போனான்.

பன்னிரண்டு லோக்கோ
ஒரு சந்தையைச் சாய்த்துவிடுமா?
சாய்க்காது. போட்டுப் பார்த்துவிட்டேன், பலமுறை.
ஆனால் வடக்கே அடுத்த குடாவிலும்
ஒரு பொருளாளர் இருக்கிறாள்,
அவளுக்கும் ஒரு ஜூலை இருந்திருக்கும்,
அவள் எண்ணும்போதும்
எங்கோ குரல் நின்றிருக்கும்.
அதற்கும் வடக்கே
இன்னும் எத்தனை குடா.

எட்டாயிரம் உருப்படி, முன்னூறு வீதம்:
இருபத்து நான்கு லட்சம் பேசோ.
அதில் க்ளோதோமீரோவின் பங்கும் போயிற்று,
வாடகைக்கு மேலேயே.
அவனிடம் சொல்லவில்லை.
அவனுக்கும் கணக்குத் தெரியும்.

நேற்றுப் பொதுக்கூட்டம்.
காவல் டீசலை இரட்டிப்பாக்கும் தீர்மானம்.
முன்வரிசையிலிருந்து
முதலில் உயர்ந்தது அவன் கை.
எண்ணினேன். பத்தொன்பது.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
என்னுடையதையும் தூக்கினேன்.