பவளமணி

நுவரெலியாவில் செடி விற்ற பையன்
விலைக்கு முன்னால் ஊரைக் கேட்டான்.
மட்டக்களப்பு, கல்லடி என்றேன்.
கையில் எடுத்த பையைத் திரும்பத் தட்டில் வைத்தான்.
"இது குளிருக்குப் பொறந்ததுக்கா. வேற ஏதாச்சும் பாருங்க."

வேறு ஏதாவது பார்க்கவா
பதுளை வளைவுகளில் மூன்று தரம் வாந்தி எடுத்து வந்தேன்?

பூவுக்காக வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.
எனக்கு இலை.
ஒன்று, குறுக்கே வெட்டிய பீட்ரூட்.
ஒன்று, இன்னும் சாறு பிடிக்காத தேசிக்காய்.
மற்றது பாணி காய்ச்சும்போது
அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கையில் வருமே,
அந்த நிறம்.
வேருக்கு மேலே கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்,
பிறந்த பிள்ளையின் உச்சியைத் தொடுகிற அழுத்தத்தில்.
மெத்தென்றால் உள்ளே அழுகல்.
மூன்றும் கெட்டி.

கோரல் பெல்ஸ் என்று பெயர் சொன்னான்.
மடியில் வைத்துத் தமிழாக்கிப் பார்த்தேன்.
பவளமணி.
பக்கத்து சீற்காரர் திரும்பும்படி சிரித்துவிட்டேன்:
எங்கள் வார்ட் மேட்ரனின் பெயர்.

மஹாஓயாவில் யன்னலால் சூடு ஏறியது.
தேசிக்காய் இலை காதைப் போல மடங்கியது.

"செத்துப்போற சாமானுக்கு மூவாயிரம் ரூபாயா?"
யோகநாயகம் கேட்டார்.
நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்.
அந்தக் கேள்வி பழகிப்போனது.

எங்கள் வளவில் மண் இல்லை, மணல்.
கிணற்றில் வாவியின் உப்பு.
ஓட்டுத்துண்டு, தும்பு, மக்கிய சாணம்,
கழுத்துப் புதையாமல் நட்டேன்.
குளியலறைச் சுவரின் கிழக்கே
எட்டு மணிவரை வெயில் வரும், பிறகு வராது.
நீலப் பீப்பாயில் சேர்த்த மழைத்தண்ணீர்,
இலையில் படாமல், வேருக்கு மட்டும்.

ஆனியில் கச்சான் எழுந்தது.
மேற்கே யாரோ சூளையைத் திறந்துவிட்ட காற்று.
துவைத்த சாரி கொடியிலேயே மொறுமொறுத்தது.
யோகட் கோப்பைகளில் ஐஸ் உறைய வைத்து
ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கட்டி வைத்தோம்.
வைத்தோம் என்றா சொன்னேன்?
இரவு டியூட்டியில் இருந்து போன் எடுப்பேன்.
"ஐஸ்?"
"வைச்சிட்டன்."
வேறு கதை இல்லை. லைனை வெட்டிவிடுவார்.
கரண்ட் போன ஒரு சனிக்கிழமை
தேசிக்காய் ஓரம் கருகத் தொடங்கி
திங்கள் முடிந்துவிட்டது.
வெளிர் நிறம் வெயிலைத் தாங்காது.
அது தெரிந்துதான் எடுத்தேன்.

வெயிலைத்தான் எதிரி என்று நினைத்திருந்தேன்.
மார்கழியில் மழை நாலு நாள் விடவில்லை.
ஐந்தாம் நாள் பாணி நிறத்தை விரலால் தொட
கையோடு வந்தது,
வேரில்லாமல், ஒரு சொல் கூட எதிர்க்காமல்.
பழைய பூச்சாடித் தண்ணீரின் நாற்றம்.

பீட்ரூட்டைக் காணவில்லை.
அதுவும் போயிற்று, எறிந்திருப்பார் என்று
நானும் கேட்கவில்லை.

தையில் ஹெல்மெட் எடுக்க மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குப் போனேன்.
தகரத்தின் கீழே பழைய பெயின்ற் வாளி,
வாளிமேல் சட்டி, சட்டிக்குள் அது.
இலைகளின் நடுவே ஒரு தண்டு,
தையல் நூலுக்குக் கொஞ்சம் தடிப்பு.
அதில் அரிசிமணியிலும் சிறிய மணிகள்,
கவிழ்ந்து, சிவந்து.

அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் எண்ணினேன்.
"பதினெட்டு."
பின்னால் இருந்து குரல்:
"பத்தொன்பது. ஒண்டு இன்னும் விரியல்ல."

தண்டு வாடி, இலை மட்டும் மிஞ்சிய சித்திரையில்
காத்தான்குடியிலிருந்து ஜெஸீமா போன் எடுத்தாள்.
பிள்ளைகளோடு நுவரெலியா போகிறாளாம்.
"உங்கட அந்தச் செடி, நானும் ஒண்டு வாங்கட்டாகா?"

உப்புத்தண்ணீரைச் சொல்ல இருந்தேன்,
கச்சானை, ஐஸை, நாலு நாள் மழையை.
வேண்டாம் என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.

"உங்கட வாசல் எந்தப் பக்கம் பாக்குது?"