எழுபதுக்குக் கீழே

உசிலம்பட்டி பஸ்ஸில் பல்கலை நகருக்கு டிக்கெட் கேட்ட முதல் நாள்
கண்டக்டர் கேட்டார்: "என்னத்தா படிக்கிற?"
"சைக்காலஜி."
"அப்ப நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு."
"சில்லறை இல்லேன்னு."
பஸ் சிரித்தது.
இன்றுவரை அந்த ஒரு வித்தைதான் கைவசம்.

இரண்டு வருடம்.
மணி அடித்தால் எச்சில் ஒழுகும் நாயை
நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதினோம்.
நினைவு, மறதி, மூளையின் மடிப்பு,
அப்புறம் புள்ளியியல்.
துக்கத்தைப் பற்றிய தாளில் யாரும் அழவில்லை,
புள்ளியியலில்தான் பாதி வகுப்பு அழுதது.

"இத முடிச்சா டாக்டரா?" என்றார் அப்பா.
"டாக்டர் மாதிரி."
"மாதிரின்னா? ஊசி போடுவியா?"
"இல்லப்பா."
அதன்பின் தரகரிடம் எம்.எஸ்சி. என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஷர்மிளா பானு கப்பலூர் மில் ஒன்றில் இருக்கிறாள்.
வேலையை விட்டுப் போகிறவர்களிடம்
ஏன் போகிறீர்கள் என்று கேட்பது அவள் வேலை.
படிவத்தில் ஆறு காரணங்கள் அச்சாகியிருக்கின்றன,
எல்லாரும் ஏழாவதைத்தான் சொல்கிறார்களாம்.
தெய்வேந்திரன் திருமங்கலத்தில் பள்ளி ஆலோசகன்;
கணக்கு சார் லீவு போட்டால் அந்தப் பீரியடுக்கும் அவன்தான்.
ஜெரால்டுக்கு மேலூர்ப் பக்கம்
குடியை நிறுத்த வருகிறவர்களோடு ராத்திரி டியூட்டி.
மூன்று மணிக்கு மெசேஜ் வரும்:
"எல்லாரும் தூங்கிட்டாங்க. நான்தான் முழிச்சிருக்கேன்."
ரோகிணி வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள்.
கெட்டிக்காரி.

நான் சோதனைப் பெட்டியோடு முகாம் முகாமாக அலைகிறேன்.
நீல உறையில் ஒன்பது கட்டைகள்,
ஒரு ஸ்டாப்வாட்ச்,
விடைக் குறிப்பு.

உசிலம்பட்டியில், பள்ளி வராந்தாவில்,
ஒச்சம்மா மகனைக் கொண்டுவந்து உட்கார்த்தினாள்.
சிவமாயன். பதினொரு வயது.
அ எழுதுவான், ஆவில் நின்றுவிடுவான்.
"கப்பலுக்கும் ரயிலுக்கும் என்ன ஒத்துமை?"
ரொம்ப நேரம் யோசித்தான்.
"ரெண்டுலயும் நான் ஏறுனதில்ல."
குறிப்பில் அந்த விடை இல்லை.
பூஜ்யம் போட்டேன்.

கூட்டினால் எழுபத்திரண்டு.

"எழுவதுக்குக் கீழ இருந்தாத்தான் பணம் வருமாம்ல."
வரிசையில் யாரோ ஒச்சம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
"மூணு மார்க்குதான தாயி. கொறச்சுப் போடு."

மறுகூட்டலுக்குப் பணம் கட்டியவள் நான்.
அரை மதிப்பெண்ணுக்குத் துறைத்தலைவர் அறை வாசலில் நின்றவள்.
மார்க்கைக் குறைக்கச் சொல்லி ஒருத்தி கையைப் பிடித்தால்
என்ன செய்வதென்று எந்தத் தாளிலும் வரவில்லை.

ஆனால் ஒரு வரி உண்டு புத்தகத்தில்:
எந்த அளவும் கொஞ்சம் ஆடும்.
எழுபத்திரண்டு என்பது அறுபத்தேழாகவும் இருக்கலாம்,
எழுபத்தேழாகவும்.
பத்து மார்க் கேள்வி. ஒன்பது வாங்கினேன்.
அந்த ஆட்டத்துக்குள் ஒரு வீட்டின் மாத அரிசி
கிடக்கும் என்று எழுதியிருந்தால்
பத்து கிடைத்திருக்குமோ என்னமோ.

யோசித்தபடியே கட்டைகளை உறையில் போட்டேன்.
என் கையையே பார்த்துக்கொண்டிருந்த சிவமாயன்
"ஒண்ணு கொறையுது" என்றான்.
குனிந்தேன்.
பெஞ்சுக்கு அடியில், சிவப்புப் பக்கம் மேலாக, ஒன்பதாவது.

நிமிர்ந்தபோது
ஒச்சம்மா அவன் வாயைப் பொத்தியிருந்தாள்.
அவள் விரல்களுக்கு மேலே
அவன் கண் என்னைப் பார்த்தது,
சரியாகச் சொன்னேன்தானே என்று.

"சீக்கிரம் மேடம்" என்றது வரிசை.
பேனா மூடி திறந்தே இருந்தது.

என்ன எண் எழுதினேன் என்று
ஷர்மிளாவிடம்கூடச் சொல்லவில்லை.
மூன்று மணிக்கு முழித்திருப்பவனிடமும் இல்லை.
திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர்.
நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லுங்க
என்று கேட்க வாய் எடுத்தேன்.
மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்துவிட்டு
அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.