நாற்பத்திரண்டு பெட்டி

அவீர் சந்தையில் சுப்ஹு பாங்குக்கு முன்
கன்டெய்னர் கதவைத் திறப்பவன் நான்.
முத்திரை எண்ணை டார்ச் அடித்து வாசித்து
கம்பியை வெட்டியதும்
முதல் மூச்சை ஆழ இழுப்பேன்.
பச்சைக் காய்க்கு ஈர அட்டையின் மணம்.
இனித்தால்
யாருக்கோ நஷ்டம்.

ஒன்பது வருடமாக இந்த மூக்குக்கும்
ஒரு கேமராவுக்கும்தான் சம்பளம்.

நான் எடுத்த படங்களைச் சொல்ல வேண்டும்.
அழுகிய ஒரு பெட்டியைப்
பதினோரு பக்கம் திருப்பினால்
பதினோரு பெட்டி.
விளக்குக்கு முதுகு காட்டி நின்றால்
பால்கறைகூட அழுகலாகும்.
ஒரே சீப்பை ஒரே வாரத்தில்
மூன்று ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்
மூன்று பேருக்கும் ‘உங்கள் சரக்கு’ என்று எழுதி.
முப்பது சதவீதம் கழிக்கிறோம் என்றால்
கொஞ்ச நேரம் பேச்சிருக்காது,
பிறகு சரி என்பார்கள்.
கடல் தாண்டி வந்து முகர்ந்து பார்க்கவா முடியும்?

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
கதவோரம் நாலு வரிசை கல்யாணப் பந்தல்,
உள்ளே போகப் போக வெம்பல்.
அட்டையில் பதிமூன்று கிலோ,
தராசில் பதினொன்றரை.
அர்பாப் கம்ரான்
பாதி இந்தி பாதி மலையாளத்தில் சொல்வார்:
“வாழைத்தாரை நம்பலாம் மீரான்,
நாலாம் நாள் பழுத்துவிடும்.
ஆளை எத்தனை நாள் மூட்டம் போடுவது?”

ஓர் ஆகஸ்டில் வந்தது சின்னமனூர்ச் சரக்கு.
அனுப்பியவர் இந்திராணி.
முகம் தெரியாது.
எப்போது பேசினாலும் பின்னால்
காய் கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும்.
கப்பல் ஜெபல் அலியைத் தொடுமுன்பே
செய்தி வந்திருந்தது:

“கதவிலிருந்து ஒன்பதாம் வரிசை, இடப்பக்கம்,
நாற்பத்திரண்டு பெட்டி.
கட்டும்போது மழை, காம்பு காயவில்லை.
இடம் காலியாகப் போகுதே என்று ஏற்றிவிட்டேன்.
என் தப்பு.
அதற்குப் பணம் போட வேண்டாம்.”

அர்பாப் மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.
மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றி
“இதில் என்ன தந்திரம்?” என்றார்.
எனக்கும் தெரியவில்லை.

குல் ஜமான் வண்டியை உள்ளே விட்டான்.
வெப்பப் பதிவில் பதிமூன்றரை டிகிரி
தூத்துக்குடியிலிருந்து ஒரே கோடு.
ஒன்று, இரண்டு என்று வரிசை இறங்கியது.
எட்டுவரை
குறை சொல்ல வாய்க்கவில்லை.
ஒன்பதில், இடப்பக்கம்,
காம்புதோறும் வெள்ளையாய்ப் பூஞ்சை,
சொன்ன இடத்தில் சொன்னபடி.
என் கை அதற்குள் போனை எடுத்து
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றுவிட்டது,
பழக்கம்.

“எண்ணு” என்றார் அர்பாப்.

முப்பத்தொன்பது.
திரும்ப எண்ணினேன்.
மீதி மூன்று பெட்டி,
மழை நாளுக்குத் தப்பியவை,
பிறந்த பிள்ளை விரல்போல்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுத்தமாக இருந்தன.

தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
கோபம் வந்தால்தான் அப்படிச் செய்வார்.
“மூன்றுக்குப் பணம் போடு.
படம் எடுத்து அனுப்பு, தெரியட்டும்.”

நல்ல காயைப் படம் எடுக்க
எப்படி நிற்பது என்று
எனக்குப் பழக்கமில்லை.
இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன்.
குல் ஜமான் வண்டி விளக்கைத் திருப்பிப் போட்டு
பல் தெரியச் சிரித்தான்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.
தண்ணீரை யாரோ நிறுத்தினார்கள்.
“மூன்று பெட்டிக்கா அண்ணே படம்?
நான் பயந்தே போய்விட்டேன்.”

என்ன சொல்வதென்று தெரியாமல்
இங்கே நாற்பத்தாறு டிகிரி என்றேன்.

அடுத்த மாதம் அவர் சரக்கு வந்தது.
செய்தி எதுவும் வரவில்லை.
ஒன்பதாம் வரிசையைத் திறந்துதான் பார்த்தேன்.
அதற்குத்தானே சம்பளம்.
பத்தாவதை மட்டும்
திறக்காமல் இறக்கச் சொன்னேன்.