கட்டாயமில்லை

செவ்வாயும் வியாழனும் நான் வெள்ள அதிகாரி.
மற்ற நாட்களில் நாய் உரிமம்,
கழிவுத் தொட்டி அனுமதி.
கவுண்டி கட்டடத்தின் அடித்தளத்தில் என் மேசை.
சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு:
தண்ணீர் முன்பொருமுறை
இங்கே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

வெர்ன் ஸ்டைடம் தொப்பியைக் கழற்றாமல் வந்தார்.
வரைபடத்தை விரித்தேன்.
நீலம் அவர் வீட்டைக் குறுக்கே வெட்டியது.
"அடுப்பு வெள்ளத்தில், கட்டில் கரையிலா?" என்றார்.
"அப்போ மழைக்காலம் முழுக்கப் படுத்தே கிடக்கிறேன்."

நூறாண்டு வெள்ளம் என்றால்
நூறாண்டுக்கு ஒருமுறை என்றிருந்தார்.
"என் கல்யாண வருஷம் வந்துவிட்டுப் போச்சு.
இனி எவனோ பார்த்துக்கொள்ளட்டும்."

இழுப்பறையில் ஒரு துணிப்பை வைத்திருக்கிறேன்.
தொண்ணூற்றொன்பது மஞ்சள் சோளமணி,
ஒன்று கறுப்பு.
கையை விடச் சொன்னேன். மஞ்சள்.
"திரும்பப் போடுங்கள்," என்றேன்.
அங்கேதான் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள்.

வீட்டுக்கடனுக்கு முப்பது வருடம்,
முப்பது தடவை கை.
நாலு பேரில் ஒருவர் கறுப்பைத் தொட்டுவிடுகிறார்.

தலைக்கு மேல் போனால் சாணென்ன முழமென்ன?
காப்பீட்டுக் கம்பெனியிடம் அது செல்லாது.
அங்கே தரைமட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு விலை.
கூரை பிய்ந்து விழும் மழையைப் பார்த்துக்கொள்ளும் பாலிசி
வாசல் வழியாக நடந்து வரும் ஆற்றைப் பார்க்காது என்பதும்
அன்றுதான் வெர்னுக்குத் தெரிந்தது.
முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

அதே வாரம் ஐலா பிரான்சம்.
என்னோடு படித்தவள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
மேட்டு வீடு. நீலத்துக்கு நானூறு அடி தள்ளி.
"நான் வாங்கணுமா?"

நாய் உரிமத்துக்கு இரண்டு பேர் வரிசையில்.
ஒரு நாய் விடாமல் குரைத்தது.
"கட்டாயமில்லை," என்றேன்.

பொய் இல்லை. வங்கி கேட்காது, சட்டம் கேட்காது.
ஆனால் பையை நீட்டவில்லை.
கோட்டுக்கு வெளியேயும் பை உண்டு,
கறுப்பு அதில் கொஞ்சம் அரிது, அவ்வளவுதான் என்று
சொல்லவில்லை.
முப்பது நாள் காத்திருக்க வேண்டும்,
மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தால் ஆகாது என்றும்.

ஜூலையில் ஒரு மழை
மலைமேல் ஏறி நின்று இறங்க மறுத்தது.
ரெட்பட் ஓடை வெர்னின் மூன்றாம் படிவரை வந்து
என்ன நினைத்ததோ, திரும்பிவிட்டது.
ஐலா வீட்டுக்கு ஓடை வரவேயில்லை.
வந்தது மலை.
பின் சரிவில், பழைய சுரங்கப் பாதைக்கு அடியில்
ஒரு குழாய். அதில் விழுந்த மரமொன்று சிக்கி
தண்ணீர் வேறு வழி கேட்டது.
அவள் படுக்கையறை கொடுத்தது.

அந்தக் குழாய் வரைபடத்தில் இல்லை.
வரைந்தவர்கள் ஆற்றோடு நடந்தவர்கள்,
மேலே ஏறவில்லை.

சேதப் படிவத்தோடு போனேன்.
சுவர்ப் பலகைகளை முழங்கால் உயரம்வரை
அறுத்து வெளியே குவித்திருந்தாள்.
ஃப்ரீசர் மல்லாந்து கிடந்தது,
போன குளிர்காலத்து மான்கறியின் வீச்சம்.
அவள் திட்டவில்லை.
"கவலையில்லைன்னு சொன்னியே," என்றாள்.

திருத்த வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவே
எத்தனை அடி என்று
அன்று நான் அளக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: 'காப்பீடு உண்டா?'
பேனா எழுதவில்லை. அவள்தான்
அடுப்புமேல் காய்ந்துகொண்டிருந்த பென்சிலைக் கொடுத்தாள்.

வசந்தத்தில் வெர்ன் வந்தார், பிரீமியம் ரசீதோடு.
"வராத தண்ணீருக்கு இரண்டாம் வருஷமும் காசா?"
"ஆமாம்," என்றேன்.
கட்டியாயிற்று என்று ரசீதை ஆட்டிக் காட்டினார்.
கதவருகே நின்று சொன்னார்:
"ஐலா வீட்டுக்கு மேலே, அந்தக் குழாயில்
மறுபடி ஒரு மரம் கிடக்கு."

அன்று புதன்கிழமை.
வெள்ளம் என் வேலையில்லாத நாள்.
நாய்க்காரர்களை உட்காரச் சொல்லிவிட்டு
பூட்ஸைத் தேடினேன்.