ங்க

ஜோகுபாளையத்தில் எங்கள் மாடிக்குப் பதினேழு படி.
ஞானராஜ் அங்கிள் பதினைந்தாவதில் நிற்பார்,
சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.
ஜன்னல் இடுக்கில் பார்த்து நகுல் எனக்குச் சொல்வான்,
"நின்னுட்டாரு."
பிறகுதான் பெல்.

முதல் சனிக்கிழமை மாம்பழம் வாங்கி வந்தார்.
நகுல் தொடவில்லை.
நடுராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து தின்றுவிட்டுக்
கொட்டையைத் துளசித் தொட்டியில் புதைத்தான்.
அடுத்த முறை வெறுங்கையோடு வந்தார்.
அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அம்மா அந்த நாட்களில் கம்மல் மாற்றுவாள்.
வேறொன்றும் மாறவில்லை என்று
நானே எனக்குச் சொல்லிக்கொள்ள
கம்மல் சின்னதாக இருந்தது வசதி.

ஐந்தாவது சனிக்கிழமை
நகுல் அவர் ஹெல்மெட்டை ஒளித்துவைத்தான்,
வாஷிங் மெஷினுக்குள், என் யூனிஃபார்முக்கு அடியில்.
இனி வரமாட்டார் என்பது அவன் கணக்கு.
ஹெல்மெட் இல்லாமல் போகவே முடியாது என்பது
ஒன்பது வயசுக் கணக்கில் வரவில்லை.
டிரினிட்டி சிக்னலில் கேமரா.

ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்
சோஃபாவுக்கு அடியில் குனிந்து தேடினார்,
ஷூ ஸ்டாண்டில் தேடினார்,
"வண்டியிலயே விட்டுட்டேனோ" என்று கீழே இறங்கிப்
பதினேழு படியும் மறுபடி ஏறி வந்தார்.
இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
யாருக்காகச் சொல்லவில்லை என்று கேட்டால்
இன்றைக்கும் பதில் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது.
அம்மா மாவை வெளியே எடுத்தாள்.
எங்களிடம் இருந்தது மூன்று தட்டு.
நாலாவதாகக் குழம்புச் சட்டியை மூடுகிற தட்டு,
அதை அம்மாவே வைத்துக்கொண்டாள்.
"போதுங்க" என்றார் அவர்.
கல்லிலிருந்து திரும்பாமலே அம்மா சொன்னாள்,
"இன்னொண்ணு சாப்பிடு."

சாப்பிடு.
போன வாரம் வரைக்கும் சாப்பிடுங்க.

கைதவறி விழுந்த ஸ்பூன் மாதிரி விழுந்தது.
அவளுக்கே கேட்டிருக்காது.
அப்பாவிடம் பதினாலு வருஷம் ங்க போட்டாள்.
காபி ஆறுதுங்க.
ஃபீஸ் கட்டணுங்க.
கத்தாதீங்க, பிள்ளைங்க தூங்குது.
கோர்ட் வராந்தாவில் கடைசியாகச் சொன்னதுகூட
"பாத்துப் போங்க."
ங்க என்றால் மரியாதை என்று
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

நகுல் என்னைப் பார்த்தான்.
அவனுக்கும் கேட்டிருக்கிறது.
நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன்.
ஓசூரிலிருந்து அப்பா, சனிக்கிழமை ஒன்பதரை அழைப்பு.
"என்னம்மா, என்ன பண்றீங்க எல்லாரும்?"
"நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம்ப்பா."

நாங்க.
கேட்கிறவரைச் சேர்க்காத சொல்.
அப்பா போன நாளிலிருந்து அதற்குள் மூன்று பேர்.
எண்ணிப் பார்க்க நிமிர்ந்தேன்.
ஞானராஜ் அங்கிள் வாயிலிருந்த தோசையை
மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார்,
போனில் கேட்டுவிடக் கூடாதென்று.

நகுல் எழுந்து போனான்.
வாஷிங் மெஷின் மூடி திறந்த சத்தம்
ஓசூர் வரைக்கும் போயிருக்கிறது.
"இந்த நேரத்துல துணி போடறீங்களா?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா" என்றேன்.